பின் சீட்டுக்கு அடியில்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானட்டைத் தூக்குவார்கள். எங்கள் அக்கா செருப்பைக் கழற்றுவார். கழற்றியதை ஓரமாக வைத்துவிட்டு, பின் கதவைத் திறந்து இடது பக்கம் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொள்வார். கண்ணாடியை இறக்கக் கூடாது, ஏசி போடக் கூடாது, வெளியே நிற்பவர்கள் பேசக் கூடாது. உள்ளே அவர் கண்ணை மூடி ஒரு நிமிடம் மூச்சை இழுத்து இழுத்து விடுவார். விற்பவர், வாங்குபவர், புரோக்கர் மூன்று பேரும் வெயிலில் நின்று கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

"நின்னுக்கிட்டுப் பாத்தா எல்லா வண்டியும் புது வண்டிதான் தம்பி. உக்காந்து பாத்துட்டுப் பேசு" என்பார்.

சொந்த அக்கா இல்லை. பழங்காநத்தத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை வைத்து, கார்களுக்கு சீட் கவர் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். கோரிப்பாளையத்துக்காரர். அவர் கணவர் மெஷினில் உட்கார்ந்து ரெக்ஸின் தைப்பார். அக்கா தலைத்துணியை இறுக்கிச் செருகிக்கொண்டு காருக்குள் நுழைந்து மாட்டுவார். கணவர் வாய் திறந்து நான் கேட்ட வார்த்தைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அக்காவே பேசிவிடுவார். கவரை இழுத்துப் பிடிக்கும் கம்பி வளையங்களை வாயில் கவ்விக்கொண்டிருக்கும்போது மட்டும் கொஞ்சம் அமைதி.

என் மொபெட் சீட்டைப் பூனை கிழித்துவிட, தைக்கக் கொடுக்கப் போய்தான் எனக்குப் பழக்கம். "பூனை கிழிக்கல. நீதான் பின்னாடி எதையோ கட்டி இழுத்துருக்க" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். கேஸ் சிலிண்டர். பழியைப் பூனை மேல் போட்டு வீட்டில் எல்லோரும் நம்பிவிட்டிருந்தார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காருக்குக் கவர் போட்டாலும், பின் சீட்டைத் தூக்கி, கீழே இருக்கும் தகரத்தில் கறுப்பு மார்க்கரால் நாலு வரி எழுதி வைப்பார். என்ன மாதம், சீட்டைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது, எதைச் சரி செய்தார், எது பின்னால் தொல்லை கொடுக்கும். 'சாம்பார் கொட்டியது. முகூர்த்த நாள்.' 'எலி. வயரைக் கடித்திருக்கிறது.' 'பிள்ளை வாந்தி, மூன்று முறை. ஃபோம் மாற்றவில்லை, நாற்றம் வரும்.' இதெல்லாம் நானே கண்ணால் பார்த்தவை. விற்பவனுக்கு இப்படி ஒரு எழுத்து இருப்பதே தெரியாது. பின் சீட்டை யார் தூக்கிப் பார்க்கிறார்கள்?

"எதுக்கக்கா இந்த வேலை?"

"ஆஸ்பத்திரில கட்டில் கால்மாட்டுல நோயாளி காயிதம் தொங்குதுல்ல? அடுத்து வர்ற டாக்டருக்குத் தெரியணும்ல? அதுதான்."

வண்டியைப் பற்றி மட்டும்தான் எழுதுவார். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஒரு முறை ஒரு ஜவுளிக்கடைக்காரரின் காரில் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு காதல் கடிதம் வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு உடம்பெல்லாம் துடித்தது, யார் எழுதியது என்று பார்க்க. அக்கா அதை மடித்து ஒரு கவரில் போட்டு ஒட்டி, சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். நான் எவ்வளவோ கேட்டும், "அடியில கெடந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். ஆளுங்களைப் பத்தி நமக்கென்னய்யா?" என்று முடித்துக்கொண்டார்.

எனக்குக் கார் ஆசை வந்தது இப்படிப்பட்டவர் பக்கத்தில் இருந்த காலத்தில். வில்லாபுரத்தில் வீடு, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலை. தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். எங்கள் வம்சத்திலேயே முதல் கார். அப்பா காலம் முழுக்க அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "நம்ம தெருவுக்குள்ள காரு திரும்புமாடா?" என்பதுதான். அதற்காக ஒரு சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தெருவை அளந்தோம். திரும்பும் என்று தெரிந்த பிறகுதான் அவர் சிரித்தார். டிக்கி இல்லாத காரைக் காராகவே என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. அவள் அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது அரிசி, தேங்காய், ஊறுகாய் ஜாடி எல்லாம் எங்கே வைப்பதாம்? ஆகவே டிக்கி வைத்த சின்ன கார், பழையது, என்று முடிவானது.

நான் சும்மா இருக்கவில்லை. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து நாற்பது அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தேன். ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் இல்லையா? பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, துணைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கரிடம் போனேன்.

வெள்ளை நிற வண்டி. துடைத்து வைத்திருந்தார்கள். மீட்டரில் நாற்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர். பட்டியலில் முப்பத்தெட்டு அம்சங்கள் தேறிவிட்டன. புரோக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, நாலரைக்கு ராகு காலம். இப்ப மணி நாலே கால். கை மாத்துறதுன்னா இப்பவே மாத்தணும். ஒரு ஆயிரத்தி ஒண்ணு மட்டும் டோக்கன் போட்டுருங்க. மத்தத நாளைக்குப் பேசுவோம்."

சட்டைப் பையில் என் கை போய்விட்டது. ராகு காலத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்றால் இந்த ஊரில் எவ்வளவு படித்தவனுக்கும் மூளை நின்றுவிடும். நாற்பது அம்சப் பட்டியலில் இதற்கு ஒரு அம்சம் இல்லை. அப்போதுதான் பின் கதவு திறந்தது.

"ராகு காலத்தை நாங்க பாத்துக்கிறோம்" என்றார் அக்கா. "தம்பி, நீ கைய வெளிய எடு. இங்குட்டு வா."

டிரைவர் சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து என் கையில் கொடுத்தார். ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து பஞ்சாகிக் கிடந்தது. பின் சீட் பெல்ட்டை இழுத்தார். மடிப்புக் கலையாமல் புதிதாக இருந்தது.

"மிதி ரப்பரை மாத்திருவாங்க. ஸ்டியரிங்குக்கு உறை போட்ருவாங்க. மீட்டரைத் திருப்பிருவாங்க. இந்தப் பெல்ட்டை எவனும் மாத்த மாட்டான். நாப்பத்திரண்டாயிரத்துல பெல்ட்டு இப்படி ஆகாது. பின்னாடி இடது பக்கம் ஃபோம் குழி விழுந்து கெடக்கு. வீட்டு வண்டில டிரைவர் பக்கம்தான் மொதல்ல குழி விழும். சவாரி ஏத்துன வண்டிலதான் இங்க விழும். முன் சீட்டு முதுகுல முட்டி இடிச்ச தடம் பாரு. சொந்த வண்டின்னு ஓன் போர்டு வச்சுக்கிட்டு வாடகைக்கு ஓட்டிருக்காங்க. எப்படியும் ரெண்டு லட்சம் ஓடியிருக்கும்."

புரோக்கர் கோபப்படவில்லை. தலையைச் சொறிந்தார். "அக்கா, நீங்க வர்றீங்கன்னு இவரு முன்னாடியே சொல்லியிருந்தா இந்த வண்டியக் காமிச்சிருக்கவே மாட்டேனே" என்று என்னைத்தான் குறை சொன்னார். பிறகு மூன்று பேருக்கும் டீ சொன்னார். ராகு காலம் ஆரம்பித்தபோது நாங்கள் அவர் செலவில் வடை தின்றுகொண்டிருந்தோம்.

அந்த நாளோடு அக்காவை நான் தெய்வமாகக் கும்பிட்டிருப்பேன். அடுத்த வாரமே கெடுத்தார்.

நாகமலை புதுக்கோட்டையில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் தன் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். வெளிர் சாம்பல் நிறம், டிக்கி உண்டு, ஒரே ஓனர். அக்கா உள்ளே உட்கார்ந்தார், மோந்தார், நாலு பெல்ட்டையும் இழுத்தார், தரை விரிப்பைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே பேராசிரியரிடம் சொன்னார்.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க சார். இம்புட்டுக் கம்மியா ஏன் சொல்றீங்க?"

எனக்கு மயக்கம் வராத குறை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்படியாம்மா? எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று பத்தாயிரத்தை ஏற்றிவிட்டார். அதில் ஒரு ரூபாய் குறையவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"அக்கா, நீங்க யாரு பக்கம்?"

"வண்டி பக்கம். ஒனக்காகப் பொய் சொல்றதுக்கு நான் எதுக்கு? அதுக்குப் புரோக்கரு இருக்காருல்ல."

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே என் பட்டியலை வாங்கி, பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். டயர் நாலும் அடுத்த தீபாவளிக்குள் கேட்கும். பேட்டரி அதற்கு முன்னாலேயே கேட்கும். ஏசி இந்தச் சித்திரையிலேயே கை நீட்டும். இன்சூரன்ஸ் இருக்கிறது, சர்வீஸ் இருக்கிறது. "வாங்குற காசு மட்டும் கையில இருந்தா வாங்காத. அதுல அஞ்சுல ஒரு பங்கு வீட்டுல தனியா இருக்கணும். காரு வந்து நின்னதும் ஒவ்வொண்ணா வாயத் தொறக்கும்." அந்தக் காரையே வாங்கினேன். அக்கா சொன்னது சொன்னபடி நடந்தது. ஏசி மட்டும் மரியாதையாக வைகாசி வரை பொறுத்தது. எல்லாவற்றுக்கும் பணம் தயாராக இருந்ததால் வீட்டில் சண்டை வரவில்லை. அந்தப் பத்தாயிரத்தைக்கூட நான் ஒரு வருடத்தில் மன்னித்துவிட்டேன்.

மூன்று வருடம் ராஜாவாக ஓடியது. அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்து, தெருவுக்குள் ஒரே திருப்பாகத் திருப்புவேன். அவர் பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

ஒரு ஐப்பசி மழையில் என் புத்தி கெட்டது. ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது. முன்னால் போன பஸ் போய்விட்டது என்று நானும் இறங்கினேன். பஸ்ஸின் உயரம் என்ன, என் கார் உயரம் என்ன என்பதை நடுத் தண்ணீரில்தான் யோசித்தேன். வண்டி நின்றது. கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து சீட்டில் ஏறி, என் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையைத் தொட்டது. மறுபடி ஸ்டார்ட் பண்ணாமல் நாலு பேர் சேர்ந்து தள்ளி மேலே ஏற்றியதால் என்ஜின் தப்பித்தது. மற்றதெல்லாம் ஊறிப்போனது.

அக்கா சீட்டுகளையெல்லாம் அக்கக்காகக் கழற்றினார். நாலு நாள் கடை வாசலில் ஃபோம், பெல்ட், தரை விரிப்பு எல்லாம் காய்ந்தன. மழை வரும்போதெல்லாம் அவர் கணவரும் நானும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினோம். "பஸ்ஸு பின்னாடி போனியாக்கும்? அடுத்து ரயிலு பின்னாடி போ" என்று அக்கா நாலு நாளும் திட்டினார். ஐந்தாம் நாள் பின் சீட் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, மார்க்கரைக் கையில் எடுத்தார்.

தண்ணீர் ஏறிய கார் என்று தெரிந்தால் நாளைக்கு எவன் வாங்குவான்? பின்னால் வயர் ஒவ்வொன்றாகக் கெடும், தரை துருப்பிடிக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

"அக்கா, உங்க கால்ல வேணா விழுறேன். இத மட்டும் எழுதாதீங்க."

வாயில் கம்பி வளையங்கள் இருந்தன. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

இருபது வருடம் பழகியவன் போல உரிமையோடு கெஞ்சியிருக்கிறேன், கேட்கவில்லையே என்று எனக்கு ஆத்திரம். என்ன எழுதினார் என்றுகூடக் குனிந்து பார்க்கவில்லை. கூலியைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் கடைப் பக்கம் போகவில்லை. மூன்று மாதத்தில் அவர்கள் கடையைக் காலி செய்துவிட்டு மகனோடு இருக்கத் திருப்பூர் போனார்கள். கிளம்பும் அன்று, வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி அக்கா ஆள் அனுப்பினார். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். வேலை ஒன்றும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அது நடந்து நாலு வருடம் ஆகிறது. போன மாதம் காரை விற்பது என்று முடிவு செய்தோம். கல்லூரியே பஸ் விட்டுவிட்டது. கார் வாரக்கணக்கில் வாசலில் நின்று, தெருப் பூனைகளுக்கு மெத்தையாகிவிட்டது. நாலு தெரு தள்ளிக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டு வந்தார். அவர் அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஆட்டோவில் குலுங்கி வருவதற்குள் அந்த அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வருகிறதாம். அவர்கள் வீட்டிலும் முதல் கார்.

"வழியில நின்னுரக் கூடாதுண்ணே, அம்புட்டுத்தான்" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "தண்ணில கிண்ணில நின்னுச்சாண்ணே? அதக் கேட்டுக்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"சேச்சே. அதெல்லாம் இல்ல தம்பி."

எவ்வளவு வழவழப்பாக வந்தது தெரியுமா அந்தப் பொய்! எனக்கே ஆச்சரியம். அவர் நம்பி, ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வருகிறேன் என்று போனார். வந்தால் மெக்கானிக்கும் வருவார். மெக்கானிக் ஒருவேளை பின் சீட்டைத் தூக்கினால்?

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம் பார்த்து, மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரையும் ஒரு கந்தல் துணியையும் எடுத்துக்கொண்டு காருக்குள் போனேன். பின் சீட்டைத் தூக்கினேன். கறுப்பு மையில் அக்காவின் குண்டு எழுத்து அப்படியே இருந்தது.

'ஐப்பசி. சுரங்கப்பாதைத் தண்ணி. சீட்டு வரைக்கும் ஏறினது.'

'நாலு நாள் காயவச்சது.'

'வலது தரை துரு வரும். வயர் கிளிப்பு பாக்கணும்.'

மேலிருந்து துடைத்துக்கொண்டே வந்தேன். மை நன்றாகக் கரைந்தது. மூன்று வரியும் போய்விட்டன. கீழே தரை விரிப்பின் ஓரம் மடங்கிக் கிடந்தது. அதற்கு அடியிலும் மை தெரிந்தது. விரிப்பை விலக்கினேன்.

'ஓனர் மறைக்க மாட்டாரு. கேட்டாச் சொல்லிருவாரு.'

துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆளைப் பற்றி எழுதாத அக்கா, ஆயுளில் ஒரே ஒரு முறை எழுதியிருக்கிறார். அதுவும் எப்போது? எழுதாதீர்கள், மறைத்துவிடுங்கள் என்று நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சிய அதே நிமிடத்தில். என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை, அதற்கு அடுத்து எழுதியது இது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ரிமூவர் நெடி என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வரியை அழிக்க என்னால் முடியவில்லை. மற்ற மூன்றையும் அழித்துவிட்டு அதை மட்டும் விட்டு வைப்பதும் முடியாது. மகளின் பையிலிருந்து மார்க்கர் எடுத்து வந்து, அழித்த மூன்று வரிகளையும் வார்த்தை மாறாமல் அதே இடத்தில் எழுதினேன். என் எழுத்து கோணலாகத்தான் வரும். பிறகு கண்ணாடிக் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, நீங்க கேட்டீங்கல்ல, தண்ணில நின்னுச்சான்னு. நான் இல்லன்னு சொன்னது பொய். நின்னுச்சு."

"நாளைக்கு வாரேண்ணே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மெக்கானிக்கோடுதான் வந்தார். நான் பின் கதவைத் திறந்துவிட்டு, "செருப்பக் கழட்டிட்டு உக்காருங்க. உக்காந்து பாத்துட்டுப் பேசுவோம்" என்றேன். மெக்கானிக் ஒரு மணி நேரம் தரையைச் சுரண்டி, வயர் கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். வலது தரையில் துரு இருந்தது, அக்கா சொன்ன அதே இடம். கிளிப்புகளில் இரண்டில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மாற்றிவிட்டால் ஓடும் என்றார். விலையில் ஒரு நல்ல தொகையைக் குறைத்துக்கொண்டேன். வாங்கும்போது பேராசிரியருக்கு ஏற்றிக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு. மனைவி உள்ளேயிருந்து என்னை முறைத்தாள்.

கண்ணாடிக் கடைக்காரர் சாவியை வாங்கிய பிறகும் இறங்கவில்லை. பின் சீட்டைத் தூக்கிப் பிடித்தபடி அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது ரெண்டு கையெழுத்தா இருக்கே?"

"மேல உள்ளது நான் எழுதினது. கீழ உள்ளது சீட் கவர் போட்ட அக்கா எழுதினது."

"மேல உள்ள மை புதுசா இருக்குல்ல?"

"ஆமா தம்பி. நேத்துத்தான் எழுதினேன்."

"அப்ப கீழ உள்ளது?"

"அவங்க அத நாலு வருசத்துக்கு முந்தியே எழுதிட்டாங்க" என்றேன்.